ஏ.சி.யை அணைத்தாலும் ஓயாத கம்ப்ரஸர்

காரின் ஏ.சி. பொத்தானை அணைத்த பின்னரும் பானட்டுக்கு அடியில் கம்ப்ரஸர் சுற்றிக்கொண்டே இருப்பதைக் கண்டு, எரிபொருள் வீணாகிறது என்றோ பெரிய செலவு காத்திருக்கிறது என்றோ அஞ்சிப் பணிமனைக்குச் செல்லும் உரிமையாளர்களுக்கு அங்கே ஒரே விடை கிடைப்பதில்லை. 'கிளட்ச் ஒட்டிக்கொண்டது' என்பார் ஒரு மெக்கானிக். 'ரிலே போய்விட்டது' என்பார் இன்னொருவர். 'இந்த மாடலே அப்படித்தான், ஒன்றும் செய்ய வேண்டாம்' என்று அனுப்பிவைப்பார் மூன்றாமவர். வெவ்வேறு கார்களைப் பொறுத்தவரை மூவர் கூற்றும் சரியே. கம்ப்ரஸரின் புல்லி மட்டும் சுற்றுவது, உள்ளே உள்ள அச்சும் சேர்ந்து சுற்றினாலும் வாயு அழுத்தப்படாமல் இருப்பது, வாயு உண்மையிலேயே அழுத்தப்படுவது ஆகிய மூன்று நிலைகளும் மேலிருந்து எட்டிப் பார்ப்பவர் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரிவதால்தான் இத்தனை குழப்பமும் நேர்கிறது.

கம்ப்ரஸரின் பணி, மெக்கானிக்குகள் சுருக்கமாக 'கேஸ்' என்று அழைக்கும் குளிர்பதனப் பொருளை அழுத்திச் சுற்றவிடுவதாகும். 1990களிலிருந்து பெரும்பாலான கார்களில் நிரப்பப்பட்டுவரும் ஆர்-134ஏ என்னும் பொருள், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் பூச்சியத்துக்குக் கீழே சுமார் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் இயல்புடையது. டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் கூலிங் காயிலில், குறைந்த அழுத்தத்தில் அது ஆவியாகும்போது காரின் உட்காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சுகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரஸர் இழுத்து அழுத்திச் சூடேற்றி, முன்புறம் ரேடியேட்டரை ஒட்டி நிற்கும் கண்டென்சருக்குத் தள்ள, அங்கே அது வெப்பத்தை வெளிக்காற்றிடம் இழந்து மீண்டும் திரவமாகிறது. கடும் வெயிலில் இந்த வேலைக்கு 3, 4 கிலோவாட் வரை ஆற்றல் தேவைப்படும் என்பதாலும், அந்த ஆற்றல் பெட்ரோல், டீசல் கார்களில் எஞ்சினிலிருந்து ஒரு பெல்ட் வழியாகவே எடுக்கப்படுகிறது என்பதாலும், தேவையில்லாதபோது கம்ப்ரஸரை எஞ்சினிலிருந்து எவ்வாறு பிரித்துவைப்பது என்பது கார் ஏ.சி. பிறந்த நாளிலிருந்தே பொறியாளர்களின் முன்நின்ற கேள்வியாகும்.

தொடக்கத்தில் அதற்கு விடையே இருக்கவில்லை. 1939 நவம்பரில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம், தன் 1940ஆம் ஆண்டு மாடல் கார்களில் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தரப்படும் ஏ.சி.யை அறிமுகப்படுத்தியது, கிளீவ்லாந்தைச் சேர்ந்த பிஷப் அண்ட் பாப்காக் நிறுவனம் தயாரித்த அக்கருவிக்கு 274 டாலர் கூடுதல் விலை வைக்கப்பட்டிருந்தது. கூலிங் காயில் டிக்கியின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டது என்பதைக் காட்டிலும் வியப்பானது, கம்ப்ரஸரை நிறுத்தும் வழி எதுவும் அதில் இல்லை என்பதே. எஞ்சின் ஓடும்வரை கம்ப்ரஸரும் ஓடும். குளிர் போதும் என்று தோன்றினால் காரை ஓரங்கட்டி, எஞ்சினை நிறுத்தி, பானட்டைத் திறந்து பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். 1941க்குப் பிறகு பேக்கார்டு இந்த வசதியைக் கைவிட்டுவிட்டது. விலையும் கருவியின் பருமனும் அதற்குப் போதுமான காரணங்களே என்றாலும், குளிர்காலம் வந்தால் பெல்ட்டைக் கழற்றி வைக்கச் சொல்லும் ஒரு சொகுசுப் பொருளைச் செல்வந்தர்களுக்கு விற்பது எளிதாக இருந்திருக்க முடியாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கார்களில் பரவி, இன்றளவும் சாலையில் ஓடும் கோடிக்கணக்கான கார்களில் இருப்பது மின்காந்த கிளட்ச் என்னும் அமைப்பு. இதில் பெல்ட் ஓடும் புல்லி, கம்ப்ரஸரின் அச்சோடு நேரடியாக இணைக்கப்படாமல் ஒரு பேரிங்கின் மேல் தனியே சுழல்கிறது. அதன் முன்னால், அச்சின் நுனியில் இறுக்கப்பட்ட வட்டமான இரும்புத் தட்டு ஒன்று, மெல்லிய ஸ்பிரிங் பட்டைகளால் சற்றே விலக்கிப் பிடிக்கப்பட்டு அசையாமல் நிற்கிறது. புல்லிக்குப் பின்னால் இருக்கும் செம்புக் காயிலில் 12 வோல்ட் மின்சாரம் பாய்ந்தவுடன் அது காந்தமாகி, தட்டைப் புல்லியின் முகத்தோடு இழுத்து ஒட்டவைக்க, 'டக்' என்ற ஒலியோடு அச்சும் சேர்ந்து சுழலத் தொடங்குகிறது. மின்சாரம் நின்றால் ஸ்பிரிங்குகள் தட்டை மீண்டும் பின்னிழுத்துக்கொள்கின்றன. தட்டுக்கும் புல்லிக்கும் இடையே விடப்படும் இடைவெளி பெரும்பாலான கார்களில் அரை மில்லிமீட்டர் அளவிலேயே இருப்பதால், சுழலும் புல்லியையும் அசையாத தட்டையும் பிரித்துக் காணப் பழகாத கண், ஏ.சி. அணைந்திருக்கும்போதும் கம்ப்ரஸர் ஓடுவதாகவே முடிவுகட்டிவிடும். எஞ்சின் ஓடும்போது புல்லி சுற்றுவது இவ்வமைப்பின் இயல்பு என்பதால், பார்க்க வேண்டியது புல்லியின் விளிம்பை அல்ல, அதன் நடுவில் உள்ள தட்டைத்தான். எஞ்சின் ஐடிலில் இருக்க, டார்ச் ஒளியைத் தட்டின் மேல் அடித்து, அதில் உள்ள ரிவெட்டுகளோ போல்ட்டின் தலையோ நிற்கின்றனவா சுற்றுகின்றனவா என்று கவனித்தால் ஐயம் தீர்ந்துவிடும். தளர்ந்த உடையும் கழுத்துத் துண்டும் பெல்ட்டின் அருகே போகாமல் பார்த்துக்கொள்வது மட்டும் முக்கியம்.

இந்த எளிய சோதனை பொருந்தாத கார்களும் இன்று ஏராளமாக உள்ளன. கிளட்ச் ஒட்டுவதும் விடுவதுமாக இயங்கும் முறையில், ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் எஞ்சின் மீது திடீர்ச் சுமை ஏறி, சிறிய கார்களில் ஓட்டுநர் உணரும் அளவுக்கு ஓர் உதறல் ஏற்படுகிறது. கூலிங் காயிலின் குளிரும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. இதற்குத் தீர்வாக, தேவைக்கேற்பக் கொள்ளளவை மாற்றிக்கொள்ளும் கம்ப்ரஸரை ஜெனரல் மோட்டார்ஸின் ஹாரிசன் பிரிவு 1980களின் நடுவில் வி5 என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இவ்வகைக் கம்ப்ரஸரின் அச்சில் சாய்வாகப் பொருத்தப்பட்டுள்ள ஒரு தட்டு, அச்சு சுழலும்போது தன் விளிம்பை முன்னும் பின்னுமாக அசைத்துப் பிஸ்டன்களைத் தள்ளுகிறது. தட்டின் சாய்வு மிகுந்தால் பிஸ்டன்கள் நெடுந்தூரம் ஓடி நிறைய வாயுவை அழுத்தும். சாய்வு குறைந்தால் அவை இருந்த இடத்திலேயே சிறிது நடுங்கிக்கொண்டிருக்கும். கம்ப்ரஸரின் உட்கூட்டில் நிலவும் அழுத்தமே இச்சாய்வைத் தீர்மானிப்பதால், அவ்வழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் விடும் சிறு வால்வு ஒன்று பின்புறத்தில் அமைக்கப்பட்டிருக்கும்.

வி5 கம்ப்ரஸரில் கிளட்ச் நீடித்தது; வால்வும் வாயுவின் அழுத்தத்துக்கு ஏற்பத் தானே இயங்கியது. பிற்காலத்தில் டென்சோ, சாண்டன் போன்ற தயாரிப்பாளர்கள் அந்த வால்வைக் காரின் கணினியே மின்துடிப்புகளால் இயக்கும்படி மாற்றியமைத்தனர். அவ்வாறு மாற்றிய பிறகு, பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சில விழுக்காடு அளவுக்குச் சுருக்கிவிட முடியும்போது கிளட்ச் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. கனமான செம்புக் காயிலும் தட்டும் நீக்கப்பட்டன. புல்லி நேராக அச்சோடு பூட்டப்பட்டது. இத்தகைய கிளட்ச் இல்லாத கம்ப்ரஸரில் ஏ.சி. பொத்தானை அணைப்பது என்பதன் பொருள், வால்வுக்குப் போகும் மின்துடிப்பு நிறுத்தப்படுகிறது என்பது மட்டுமே. அப்போது உயரழுத்த வாயு உட்கூட்டுக்குள் கசிந்து, சாய்தட்டை ஏறத்தாழ நிமிர்த்திவிட, அச்சும் தட்டும் பிஸ்டன்களும் எஞ்சின் ஓடும் காலம் முழுவதும் சுழன்றபடியே எதையும் பெரிதாக அழுத்தாமல் இருக்கும். வெளியேறும் வழியில் உள்ள ஒருவழி வால்வு வாயுவைக் குழாய்களுக்குள் போகவிடாமல் தடுப்பதால், எண்ணெயும் சிறிதளவு வாயுவும் உள்ளுக்குள்ளேயே சுற்றி உறுப்புகளுக்கு மசகாகின்றன. கம்ப்ரஸர் இறுகி நின்றுவிட்டால் பெல்ட் அறுந்து ஆல்டர்னேட்டர் போன்றவையும் முடங்கிவிடும் என்பதால், புல்லியின் நடுவில் குறிப்பிட்ட முறுக்குவிசைக்கு மேல் தானே முறியும் பாகம் ஒன்றும் வைக்கப்பட்டுள்ளது.

ஆகவே இத்தகைய காரின் உரிமையாளர், தட்டு நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தால் அது ஒருபோதும் நிற்காது. அடையாளம் காண்பது கடினமன்று: புல்லிக்குப் பின்னால் காயிலுக்குச் செல்லும் ஒயர் இல்லாமல், கம்ப்ரஸரின் பின்பகுதியில் சிறிய இணைப்பான் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் கிளட்ச் இல்லாத வகையே. கிளட்ச், மின்வால்வு இரண்டும் கொண்ட கலப்பு வகைகளும் உண்டு. எந்த வகையானாலும் வாயு அழுத்தப்படுகிறதா என்பதைக் கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரஸருக்குத் திரும்பும் பருத்த அலுமினியக் குழாய் சொல்லிவிடும்; அது சில்லிட்டு வியர்த்திருந்தால் கம்ப்ரஸர் வேலை செய்கிறது, எஞ்சின் அறையின் வெப்பத்துக்கு ஒத்துச் சூடாக இருந்தால் சும்மா சுற்றுகிறது.

பொத்தான் அணைந்திருக்கும் நிலையில் அந்தக் குழாய் சில்லிட்டிருப்பதும் எல்லா நேரத்திலும் பழுதாகிவிடாது. முன்கண்ணாடியின் பனிப்படலத்தை நீக்கும் டிஃப்ராஸ்ட் நிலைக்குக் காற்றுத் திசையைத் திருப்பியவுடன், ஏ.சி. பொத்தானைக் கேட்காமலேயே கம்ப்ரஸரை இயக்கிவிடும்படி பல நிறுவனங்கள் தம் கார்களை அமைத்துள்ளன. கண்ணாடியில் படலம் படிவதற்குக் காரணம் பயணிகளின் மூச்சிலும் நனைந்த உடைகளிலும் உள்ள ஈரம் என்பதால், வெந்நீர் ஓடும் ஹீட்டர் காயில் காற்றைச் சூடாக்குவதற்கு முன்னால், அக்காற்று குளிர்ந்த கூலிங் காயிலைக் கடந்து தன் ஈரத்தை அங்கே நீர்த்துளிகளாக விட்டுச்செல்ல வேண்டியிருக்கிறது. குளிர்ந்து உலர்ந்த பின் சூடாக்கப்பட்ட காற்றே கண்ணாடியை விரைந்து தெளிவாக்கும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ மழைநாளில் ஹீட்டரை மட்டும் போட்டுக்கொண்டு கண்ணாடியைத் துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டுபவர்கள், அதே ஹீட்டரோடு ஏ.சி.யையும் சேர்த்துப் போட்டால் ஓரிரு நிமிடங்களில் வேறுபாட்டைக் காண்பர். புழுக்கமான சென்னை இரவில் நேர்வதோ இதற்கு மறுதலை. அங்கே வெளிக்காற்றின் ஈரம் ஏ.சி.யால் குளிர்ந்த கண்ணாடியின் வெளிப்புறத்தில் படிவதால், குளிர்காற்றை மேலும் கண்ணாடியில் அடிப்பது படலத்தைப் பெருக்கவே செய்யும், வைப்பர்தான் அதற்கு மருந்து.

டிஃப்ராஸ்ட் நிலையில் கம்ப்ரஸர் ஓடுவது பாதுகாப்புக்கு உகந்த ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆனால் சில கார்களில் அவ்வாறு ஓடும்போது ஏ.சி. பொத்தானின் விளக்கு எரியாமலே விடப்பட்டிருப்பது ஓட்டுநரைத் தேவையின்றி ஏமாற்றும் செயலாகும். உண்மையில், கணினி வழி இயங்கும் காரில் அந்தப் பொத்தான் ஒரு விண்ணப்பத்தைத்தான் அனுப்புகிறது. எஞ்சினின் வெப்பம், வாயுவின் அழுத்தம், வெளிவெப்பநிலை, ஆக்சிலரேட்டரின் நிலை ஆகியவற்றைப் பார்த்து ஏற்பதும் மறுப்பதும் கணினியின் முடிவு. உறைநிலையை நெருங்கும் குளிரில் பொத்தானை அழுத்தினாலும் பெரும்பாலான கார்களில் கம்ப்ரஸர் ஓடாது; மேட்டில் முழு வேகத்தில் முந்திச் செல்லும்போது சில நொடிகள் அது கழற்றிவிடப்படும். விளக்கு காட்டுவது ஓட்டுநரின் விருப்பத்தையே என்றால், கம்ப்ரஸரின் நிலையைக் காட்ட வேறொரு குறியீடு இருந்திருக்க வேண்டும். பெரிய திரைகளும் வண்ண விளக்குகளும் நிறைந்த இன்றைய டேஷ்போர்டில் அதற்கு இடமில்லை என்று எவரும் கூற முடியாது.

இனி உண்மையான பழுதுகள். கிளட்ச் உள்ள காரில் பொத்தானும் டிஃப்ராஸ்டும் அணைந்திருக்கும்போது நடுத்தட்டு சுற்றினால், முதலில் செய்ய வேண்டியது எஞ்சினை நிறுத்திவிட்டுக் கிளட்ச் காயிலின் ஒயர் இணைப்பைக் கழற்றி, மீண்டும் எஞ்சினை இயக்கிப் பார்ப்பதே. இணைப்பு இல்லாமலும் தட்டு சுற்றினால் பழுது இயந்திரம் சார்ந்தது; நின்றுவிட்டால் எங்கிருந்தோ மின்சாரம் தவறாக வந்துகொண்டிருக்கிறது. இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமலே கம்ப்ரஸரை மாற்றச் சொல்லும் பணிமனையை விட்டு வெளியேறுவதே நல்லது.

மின்சாரம் சார்ந்த பழுதுகளில் முதல் ஐயத்துக்குரியது ரிலே. கணினியிலிருந்து வரும் சிறிய மின்னோட்டத்தால் இயங்கி, காயிலுக்குத் தேவையான 3, 4 ஆம்பியர் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் இச்சிறு பெட்டிக்குள் இரண்டு உலோக முனைகள் ஒன்றையொன்று தொட்டுப் பிரிகின்றன. காயிலின் காந்தப்புலம் திடீரென்று சரியும்போது எதிர்த்திசையில் பல மடங்கு மின்னழுத்தம் எழுந்து அம்முனைகளுக்கிடையே தீப்பொறி பறக்கும் என்பதால், அதை விழுங்கிக்கொள்ளக் காயிலுக்குக் குறுக்கே ஒரு டையோடு வைக்கப்படுகிறது. டையோடு செயலிழந்தால் ஒவ்வொரு முறையும் பொறி தெறித்து, இறுதியில் முனைகள் உருகி ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். பல கார்களில் ஹாரனுக்கும் ஏ.சி.க்கும் ஒரே வகை ரிலே பயன்படுவதால், இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தே இதை உறுதிசெய்யலாம், அப்போது ஹாரன் அலறத் தொடங்கினால் விடை தெரிந்துவிடும். சில நூறு ரூபாயில் முடியும் வேலை அது. ஆனால் புதிய ரிலேயும் சில மாதங்களில் ஒட்டிக்கொண்டால் டையோடையும், கிளட்ச் காயிலின் மின்தடையையும் சோதித்தாக வேண்டும்; பொதுவாக 3, 4 ஓம் அளவில் இருக்கும் அந்தத் தடை, உள்ளே சுருள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து குறைந்துபோனால் மின்னோட்டம் மிகுந்து ரிலேயைத் தின்றுவிடும்.

ஒட்டிக்கொண்ட ரிலேக்குச் சாவியைச் சாராமல் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் வருமானால் வேறொரு வினோதமும் நிகழும். காரை நிறுத்திப் பூட்டிச் சென்ற பிறகும் காயில் காந்தமாகவே இருக்கும். எஞ்சின் ஓடாததால் எதுவும் சுற்றாது, எந்த ஒலியும் கேட்காது. மூன்றரை ஆம்பியர் வீதம் 10 மணி நேரம் என்றால் 35 ஆம்பியர்-மணி, அதாவது ஒரு சிறிய காரின் பேட்டரி ஏறத்தாழ முழுதும் விடிவதற்குள் தீர்ந்துவிடும். பேட்டரியை மாற்றியும் மறுநாள் காலை கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்னும் புகாருடன் வரும் காரில், இரவு முழுதும் நின்ற கம்ப்ரஸரின் முன்பகுதி வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது அனுபவமுள்ள எலக்ட்ரீஷியனின் வழக்கம்.

இயந்திரம் சார்ந்த பழுது என்பது, தட்டும் புல்லியும் ஒன்றோடொன்று ஒட்டிப்போவது. இடைவெளி தேய்ந்தோ, பேரிங் ஆட்டம் கண்டோ, எண்ணெய் கசிந்தோ தட்டு நழுவி உரசும்போது, அவ்வெப்பத்தில் உலோகம் நீலம் பாரித்து, முகங்கள் ஆங்காங்கே பற்றவைத்ததுபோல் இணைந்துவிடுகின்றன. இந்நிலையில் காரை ஓட்டிக்கொண்டிருப்பது எரிபொருள் இழப்பு மட்டுமன்று. ஏ.சி. அணைந்திருப்பதாகக் கணினி நம்புவதால் கண்டென்சர் விசிறியைக் கம்ப்ரஸருக்காக அது இயக்குவதில்லை. நெரிசலில் நிற்கும்போது வாயுவின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். வழக்கமாக 30 பாரை நெருங்கும்போது அழுத்த ஸ்விட்ச் கிளட்ச்சை விடுவித்துவிடும் என்றாலும், ஒட்டிப்போன தட்டு எந்த ஸ்விட்ச்சுக்கும் கட்டுப்படாது என்பதால், பாதுகாப்பு வால்வு திறந்து வாயு பீறிடுவதே மிச்சம். மறுபுறம், புளோயர் ஓடாத கூலிங் காயிலில் பனிக்கட்டி படிந்து, ஆவியாகாத திரவம் கம்ப்ரஸருக்குத் திரும்பும். திரவத்தை அழுத்த முடியாது என்பதால் உள்ளிருக்கும் வால்வுத் தகடுகள் உடையும். கிளட்ச் இல்லாத வகையில் இதற்கு இணையான பழுது, குப்பையோ தேய்மானத் துகளோ சிக்கிக் கட்டுப்பாட்டு வால்வு அசையாமல் நின்றுபோவதாகும். அந்த வால்வு பல மாடல்களுக்குத் தனியாகவே விற்பனைக்குக் கிடைக்கிறது. இருப்பினும் முழுக் கம்ப்ரஸரையே மாற்றும் மதிப்பீடு உரிமையாளரின் கையில் தரப்படுவதே பெரும்பாலும் நடக்கிறது.

எஞ்சினை நிறுத்திய பிறகும் கம்ப்ரஸர் ஓடுவதாகக் கூறப்படும் புகார், பெட்ரோல், டீசல் கார்களில் நேர்வதற்கே வழியில்லாதது; கேட்பது ரேடியேட்டர் விசிறியின் ஒலியாகவோ, குழாய்களில் உயர்ந்த, தாழ்ந்த அழுத்தங்கள் சமனாகும்போது எழும் 'உஸ்' என்ற சீறலாகவோ இருக்கும். மின்கார்களிலும் பெரும்பாலான ஹைப்ரிட் கார்களிலும் நிலைமை முற்றிலும் வேறு. 2003இல் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸில் பெல்ட்டே இல்லாமல், தனி மோட்டாரால் இயங்கும் கம்ப்ரஸர் பொருத்தப்பட்டதிலிருந்து, எஞ்சின் ஓடுவதற்கும் கம்ப்ரஸர் ஓடுவதற்கும் இருந்த பிணைப்பு அறுந்துவிட்டது. திரவத்தால் குளிரூட்டப்படும் பேட்டரி உள்ள மின்காரில், அதே குளிர்பதன வாயு சில்லர் என்னும் வெப்பமாற்றி வழியாகப் பேட்டரியின் குளிர்திரவத்தையும் குளிர்விக்கிறது. விரைவு மின்னேற்றத்தின்போது பேட்டரி சூடேறுவதால், காரில் ஆளே இல்லாமலும், ஏ.சி. அணைந்திருந்தும் கம்ப்ரஸர் பேரொலியுடன் ஓடும். 2020இல் வெளிவந்த டெஸ்லா மாடல் ஒய் போல ஹீட் பம்ப் கொண்ட கார்களில் சூடாக்குவதற்கும் கம்ப்ரஸரே ஓட வேண்டும்.

இத்தகைய கார்களில் கிளட்ச்சும் இல்லை, புல்லியும் இல்லை. டார்ச் அடித்துப் பார்க்க எதுவும் இல்லை. கம்ப்ரஸருக்குச் செல்லும் ஆரஞ்சு நிறக் கேபிளில் பல நூறு வோல்ட் மின்சாரம் இருப்பதால், அதற்கென்று பயிற்சி பெறாதவர் இணைப்பைக் கழற்றிப் பார்ப்பது உயிருக்கே ஆபத்தாகும். மின்னேற்றத்தின்போது கேட்ட ஒலியைப் பழுதென்று நம்பிச் சாதாரண ஏ.சி. கடைக்குச் செல்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பெல்ட்டால் ஓடும் கம்ப்ரஸர்களில் வழக்கமாக ஊற்றப்படும் பி.ஏ.ஜி. எண்ணெய் மின்கசிவைத் தடுக்கும் தன்மையில் குறைந்தது. மோட்டாரின் சுருள்கள் வாயுவிலும் எண்ணெயிலும் நனைந்தபடியே இயங்கும் மின்கம்ப்ரஸருக்கு பி.ஓ.இ. வகை எண்ணெய் தேவை. கேஸ் நிரப்பும் இயந்திரத்தின் குழாயில் முந்தைய காரிலிருந்து தங்கிய பி.ஏ.ஜி. எண்ணெய் கலந்துவிட்டாலும் மின்காப்பு குறைந்து, கசிவை உணரும் கணினி உயரழுத்த மின்சாரத்தையே துண்டித்துக் காரை நகரவிடாமல் செய்துவிடக்கூடும் என்பதால், மின்கார்களுக்கென்று தனி இயந்திரமோ, குழாய்களைக் கழுவித் தூய்மைசெய்யும் வசதியோ உள்ள பணிமனைதானா என்பதைக் கேட்டறிந்த பிறகே சாவியை ஒப்படைக்க வேண்டும்.